ஒன்றாம் எண்ணிலேயே ஜன்னலுக்கு ஆணி அடிக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி வேலையைப் பற்றித்தான். டிசம்பர் போனஸ் வந்து, ஜனவரியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து, பை காலியானதும் மொரீஷியஸில் எல்லோருக்கும் வேலைக் கவலை பிடித்துக்கொள்ளும். பாதிக் கடிதங்கள் பிரெஞ்சிலும் கிரியோலிலும் வந்தவை. அவற்றைத் தமிழில் எழுதியது நான், சுருக்கியதும் நான். 'தாந்தின்' என்று எழுதிய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அம்மா எல்லோருக்கும் இங்கே அது ஒன்றுதான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: சொந்த ஊர் திருப்பூர் பக்கம். 1994-இல் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். பனியன் கம்பெனியில் பழகிய கை என்பதால் வந்த மூன்றாம் மாதமே ஒரு பின்னலாடை ஆலையில் செக்கிங்கில் சேர்ந்தேன், அப்புறம் லைன் சூப்பர்வைசர். 2005-இல் ஆலையை மூடினார்கள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் புதுப் பிள்ளைகளுக்குத் தையல் மெஷின் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். மனநல நிபுணர் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

*

அக்கா, எனக்கு வயது 48. குட்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஆலையில் 26 வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். போன மாதம் எங்கள் பத்ரோன் (முதலாளி) கூட்டம் வைத்து, கம்ப்யூட்டரில் ஓடும் வெட்டு இயந்திரம் ஜூனில் வருகிறது என்றார். கட்டிங்கில் இருக்கும் ஏழு பேரில் மூன்று பேர்தான் வேண்டியிருக்குமாம். விருப்பமுள்ளவர்கள் கம்ப்யூட்டரில் மார்க்கர் (துணியில் எந்த அட்டை எங்கே என்று காட்டும் வரைபடம்) போடப் படிக்கலாம், மற்றவர்களுக்கு வேறு பிரிவு பார்ப்போம் என்றார். நான் மவுஸைத் தொட்டதே இல்லை. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ராஜினாமா கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நானே போய்விடுவதுதானே மரியாதை?

முதலில் அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வையுங்கள். கிழிக்கச் சொல்லவில்லை. பையில் இருந்தால் கோபம் வந்த நாளில் கை அதைத்தான் தேடும். எழுதிக் கொடுத்துவிட்டுத் தானாகப் போகிறவருக்கு இழப்பீடும் கிடைக்காது, அரசாங்கத்தின் வேலையிழப்பு உதவியும் கிடைக்காது. 26 வருஷத்தை மரியாதை என்ற பேரில் இனாமாகக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

நீங்கள் இந்தத் தீவில் பிறந்தவர். சிக்லோன் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே புயல் எச்சரிக்கை நாலு படி. புயல் காற்று தொடக்கூடும் என்றால் 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னால் ஒன்றாம் எண். பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரம் கையில் இருக்கும்போது இரண்டு, ஆறு மணி நேரம் இருக்கும்போது மூன்று. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று தீவில் பதிவாகிவிட்டால் நாலு. அப்போது வெளியே தலை காட்டக் கூடாது.

2002 ஜனவரியில் தீனா புயல் வந்தது. ஒன்றாம் எண் போட்டதும் என் மாமியார் மெழுகுவத்தி, மத்தி டப்பா, ரொட்டி வாங்கிவரச் சொன்னார்; தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார். இரண்டில் கோழிகளைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். மூன்றில்தான் ஜன்னலுக்குப் பலகையும் ஆணியும். நான் திருப்பூர்க்காரி, ஒன்றாம் எண்ணிலேயே மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். நாலு வந்து தகரக் கூரை படபடவென்று அடித்தபோது எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. அந்தம்மா அப்போதும் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ஆலையில் இப்போது ஒன்றாம் எண். செய்தி வந்திருக்கிறது, இயந்திரம் வரவில்லை. யார் போவது யார் இருப்பது என்று பட்டியல் வரவில்லை. நீங்கள் இப்போதே ஆணி அடித்து இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, ஒன்றாம் எண்ணில் என்ன செய்வது? அந்த இயந்திரம் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளப்போகிறது, எதை எடுக்க முடியாது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கத்தியை எடுத்துக்கொள்ளும். துணி அடுக்கின்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அமுக்கி, ஒரு நூல் பிசகாமல் வெட்டிக்கொண்டே போகும். நம் கையால் அது முடியாது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எடுக்க முடியாதது என்னவென்று ஒரு கதையாகவே சொல்கிறேன்.

1999-இல் ஒரு ஷிப்மெண்ட் அவசரம். பின்னல் துணி ரோலில் இழுபட்ட நிலையிலேயே சுற்றியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பிரித்துத் தளர விட்டு ஒரு ராத்திரியாவது போட்டால்தான் சுருங்கித் தன் அளவுக்கு வரும். அன்றைக்கு ரோல் இறங்கிய மத்தியானமே விரித்து வெட்டச் சொன்னார்கள். எங்கள் வயதான மாஸ்டர் அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திப் பார்த்தார். "இது இன்னும் தூங்கவே இல்லை" என்றார் கிரியோலில். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். என் லைன் காலியாக இருந்தது, எனக்குப் பீஸ் வேண்டும். மறுநாள் தைத்து வந்த டீ-சர்ட்டில் டேப் வைத்தால் உடல் நீளம் ஒன்றரை அங்குலம் குறைவு, துவைப்பதற்கு முன்னாலேயே. எண்ணூறு பீஸ்.

அந்தப் புது இயந்திரம் இருந்திருந்தால் அதே எண்ணூறையும் இன்னும் அழகாக, இன்னும் வேகமாகத் தப்பாக வெட்டியிருக்கும். அந்த உள்ளங்கை உங்களிடம் இருக்கிறது. ரோலுக்கு ரோல் சாயம் மாறுவதைப் பிடிக்கும் கண்ணும் இருக்கிறது. எந்தத் துணி எத்தனை அடுக்குத் தாங்கும் என்பது திரையில் இருக்காது, உங்கள் தலையில்தான் இருக்கிறது. மார்க்கரும் புதிது இல்லை. அட்டைகளைத் துணி வீணாகாமல் நெருக்கி அடுக்குகிறீர்களே, அதே வேலை. அட்டை திரையில் நழுவும். மவுஸ்தான் பயம் என்றால் மகனின் லேப்டாப்பில் சீட்டு விளையாடுங்கள். நான் அப்படித்தான் பழகினேன். பத்து நாளில் கை படிந்துவிடும், பதினோராம் நாள் சீட்டை விடுவதுதான் கஷ்டம்.

இந்த வாரமே போய் மார்க்கர் படிக்கிறேன் என்று பெயர் கொடுங்கள். கொடுக்கும்போதே மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: படிக்கும் நேரம் வேலை நேரத்தில் சேருமா, சம்பளம் குறையுமா, எனக்கு வராவிட்டால் எந்தப் பிரிவு. சொல்லித்தரப் போகிறவன் 23 வயதுப் பையனாக இருப்பான். அவனுக்குத் துணி தெரியாது, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெயர்ப் பட்டியல் பற்றிப் பேச்சு அடிபட்டால் அது இரண்டாம் எண். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கடிதம் கைக்கு வந்தால் மூன்று. அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். யூனியனிடமோ தொழில் அலுவலகத்திலோ காட்டிவிட்டுப் போடுங்கள். 15 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் குறைக்க வேண்டுமென்றால் முதலாளி முன்கூட்டியே ரிடண்டன்சி போர்டுக்கு (ஆள்குறைப்பு வாரியம்) எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 2019-இன் தொழிலாளர் உரிமைச் சட்டம் சொல்கிறது. வேலை போனவருக்கு அரசாங்கத்தின் வொர்க்ஃபேர் திட்டத்தில் முதல் மூன்று மாதம் அடிப்படைச் சம்பளத்தில் 90 சதவீதம், அடுத்த மூன்று மாதம் 60, கடைசி ஆறு மாதம் 30. கேட்கும்போது ஒரு வருஷம் ஓடிவிடும் போலத் தோன்றும். கூட்டிப் பாருங்கள், ஆறு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதற்கும் நாள் கடத்தாமல் பதிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் மூன்றாம் எண் பேச்சு. உங்களுக்கு இப்போது ஒன்றுதான். போய்ச் சீட்டு விளையாடுங்கள்.

*

தாந்தின், எனக்கு 27 வயது. கியூர்பிப்பிலிருந்து எபேனில் ஒரு கால் சென்டருக்குப் போகிறேன். பிரான்ஸ் வாடிக்கையாளர்களோடு சாட்டில் பேசும் வேலை. போன வருஷம் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம் போட்டார்கள். 'உங்கள் வேலை சுலபமாகும்' என்றார்கள். யாரையும் நீக்கவில்லை. ஆனால் எனக்கு வேலையில் ஆசையே போய்விட்டது. ஒரு நாள் ரோஸ் ஹில்லில் மெட்ரோ மாற வேண்டியவள் மாறாமல், வேண்டுமென்றே, போர்ட் லூயிஸ் வரை போய்த் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருக்கலாமா?

கண்ணு, சோம்பேறி ஒரு மணி நேரப் பயணமெல்லாம் பண்ண மாட்டாள். வீட்டிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள்.

எனக்கு ஒரு சந்தேகம். முன்னால் உனக்குப் பத்து சாட் வந்தால் அதில் ஏழு 'என் பார்சல் எங்கே', 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' வகையாக இருந்திருக்கும். கை பாட்டுக்கு அடித்துவிட்டு நீ பக்கத்து நாற்காலிக்காரியோடு காவடிக்கு என்ன புடவை என்று பேசியிருப்பாய். இப்போது அந்த ஏழையும் புரோகிராம் பார்த்துக்கொள்கிறது. உன்னிடம் வருவது முழுக்க, அந்தப் புரோகிராமிடம் இருபது நிமிஷம் மல்லுக்கட்டி வெறுத்துப்போய் வரும் ஆட்கள். பத்துக்குப் பத்தும் சண்டை. எண்ணிக்கை அதேதானே என்று மேலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் சொல்வது சரியா?

எங்கள் லைனில் இதேதான் நடந்தது. டீ-சர்ட்டுக்குக் கை மடித்துத் தைக்கத் தானியங்கி மெஷின் வந்தது. அதுவரை மூன்று பெண்கள் ஒரு மணி நேரம் கழுத்து ரிப் வைப்பார்கள், ஒரு மணி நேரம் கை மடிப்பார்கள். கழுத்து ரிப் லேசுப்பட்ட வேலையில்லை. பட்டையை இழுத்துப் பிடித்து, உடலை இழுக்காமல், வளைவிலே ஓட்ட வேண்டும்; இழுப்புக் கொஞ்சம் கூடினால் கழுத்து சுருங்கி நிற்கும். கை மடிப்பு நேர்த் தையல். அதுதான் அவர்கள் மூச்சு விட்ட இடம். டார்கெட் போட்டவருக்கு அது தெரியாது. மெஷின் வந்ததும் மூன்று பேரையும் நாள் முழுக்கக் கழுத்து வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் ஒருத்தி மெஷின்மேல் தலை வைத்து அழுதாள். சூப்பர்வைசர் என்கிற முறையில் நான் அவளைத் திட்டினேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

அப்புறம்தான் புத்தி வந்து, கடிகாரத்தை வைத்து ஒரு வாரம் எழுதினேன். காலை எட்டு மணிக்கு எத்தனை கழுத்து, பதினொன்றுக்கு எத்தனை, மூன்று மணிக்கு எத்தனை, அதில் பிரித்துத் தைத்தது எத்தனை. மத்தியானத்துக்குமேல் பிரித்துத் தைப்பது இரண்டு மடங்கு. அந்தத் தாளை மேனேஜர் மேசையில் வைத்தேன். டார்கெட்டை நான் கேட்ட அளவுக்குக் குறைக்கவில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணி நேரம் வேறு வேலைக்கு மாற்ற ஒத்துக்கொண்டார்.

நீயும் ஒரு சின்ன நோட்டில் ஒரு வாரம் எழுது. எத்தனை சாட், எத்தனை சண்டை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம். 'எனக்கு ஆசை போய்விட்டது' என்று டீம் லீடரிடம் சொன்னால் அந்தப் பெண் தன்னம்பிக்கை வகுப்புக்கு அனுப்பிவைப்பாள், பலூன் ஊதச் சொல்வார்கள். நோட்டைக் காட்டினால் அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். டார்கெட்டை மாற்றுங்கள், அல்லது கடினமான சாட் முடிந்ததும் ஐந்து நிமிஷம் கொடுங்கள், அல்லது புரோகிராம் சொல்லும் தப்புப் பதில்களைத் திருத்தும் வேலையில் வாரத்தில் ஒரு நாள் போடுங்கள் என்று கேள். மாற்றத்துக்கு நீங்கள் பழகாதவர்களும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் பிரான்ஸ்காரன் கடிகாரத்தை மாற்றினால் உங்கள் ஷிப்டும் ஒரு மணி நேரம் நகர்கிறது. யாராவது அழுகிறீர்களா? தேதி முன்னாலேயே தெரியும், காரணமும் தெரியும், அதனால் மனசு ஒத்துப்போகிறது.

சும்மா இருப்பது பற்றி. 2005 ஜனவரி 1-ஆம் தேதியோடு உலக ஜவுளிக் கோட்டா, அதாவது எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்ற வரம்பு, முடிந்தது. இங்கே ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் மூடின, எங்களுடையது செப்டம்பரில். நான் நாலு மாதம் சும்மா இருந்தேன். முதல் பத்து நாள் சொர்க்கம். பிறகு மனசு வரட்டும், வந்ததும் வேலை தேடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. டிவி பார்த்தேன், எந்த நாடகம் என்றுகூட நினைவில்லை. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளின் சீருடைப் பாவாடையைக் கொண்டுவந்து, "தாந்தின், கீழே மடித்துக் கொடுங்கள், நாளைக்கு வேண்டும்" என்று மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மாட்டேன் என்று சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மெஷின் உறையை எடுத்தேன். அந்தத் தெருவில் அந்த வாரம் பதினாலு பாவாடை மடித்தேன். ஆசை எந்தப் பாவாடையில் திரும்பி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதனால் ராஜினாமா வேண்டாம். சேர்ந்திருக்கும் லீவில் பத்து நாள் எடு, நோட்டு எழுதி முடித்த பிறகு. ஒன்று மட்டும் கவனம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, துறைமுகத்தைப் பார்க்கப் போனது பார்ப்பதற்கு மட்டும் இல்லை என்று உனக்கே பட்டாலோ, நோட்டையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார். அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்கு எழுது.

*

அக்கா, சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்து ஒரு ஆலையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். முதலாளி மாறிவிட்டார், ஓவர்டைம் குறைந்துவிட்டது. ஒரு ஏஜென்ட் வேறு கம்பெனியில் மாதம் 4,000 ரூபாய் கூடத் தருவதாகவும், சொல்லாமல் கிளம்பி வந்துவிடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். ரிஸ்க் எடுக்கலாமா?

கூடாது தம்பி. உன் வொர்க் பர்மிட் இந்த ஆலையின் பேரில் இருக்கிறது. சொல்லாமல் கிளம்பினால் மறுநாளே நீ சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஆள். அப்புறம் அந்த ஏஜென்ட் வைத்ததுதான் சம்பளம், அவர் காட்டியதுதான் ரூம். ரிஸ்க் என்றால் போனால் எவ்வளவு போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் உனக்கு அந்தக் கணக்கே தெரியாது, அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓவர்டைம் பற்றிய புகாருக்குத் தொழில் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போ. பாஸ்போர்ட் உன் பெட்டியில்தானே இருக்கிறது? இல்லையென்றால் முதல் புகார் அதுதான்.

*

புது மேனேஜர் என்னைவிட 20 வயது சின்னவள். என்னை 'ஊ' என்று சொல்லாமல் 'தோ' என்கிறாள். எப்படிப் பொறுப்பது?

(கிரியோலில் ஊ, தோ; தமிழில் நீங்கள், நீ. அதே வித்தியாசம்.) எல்லோரையும் 'தோ' என்றால் அது அவள் வளர்ந்த விதம், விட்டுவிடுங்கள். உங்களை மட்டும் என்றால் தனியாக இருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், காலையிலேயே, டீக்கு முன்னால். நாள் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுச் சாயங்காலம் சொன்னால் குரல் வேறு மாதிரி வரும்.

*

அம்மா, என் வீட்டுக்காரருக்கு 52 வயது. அவர் வேலை பார்த்த கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. விருப்ப ஓய்வு என்று ஒரு தொகை கொடுத்தார்கள். அதை முழுக்கப் போட்டு ஒரு வேன் வாங்கித் தால் பூரி வியாபாரம் பண்ணப்போகிறேன் என்கிறார். தால் பூரி நன்றாகவே செய்வார், காவடி சமயத்தில் தெருவே புகழும். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேண்டாம் என்றால் 'உனக்குத் தைரியம் இல்லை' என்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு லாரி ஞாபகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கரும்புத் தோட்டத்தில் சிர்தாராக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளராக, இருந்தவர். நம் சர்க்கரைக்குத் தந்துகொண்டிருந்த விலையை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலிருந்து 2009-க்குள் 36 சதவீதம் குறைத்தபோது, ஆலைகளை ஒன்றோடொன்று சேர்த்தார்கள், ஆட்களை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். அவருக்குப் பணமும் ஒரு துண்டு நிலமும் கிடைத்தது. பணம் வந்த மூன்றாம் வாரம் பழைய லாரி ஒன்று வாசலில் நின்றது. பச்சை நிறம். நானும்தான் மஞ்சள் குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழம் நசுக்கினேன். யார் லோடு கொடுப்பார்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. லாரி இருந்தால் லோடு வரும் என்று நினைத்தோம். ஐந்தாம் மாதம் எஞ்சின் போனது. சரிசெய்யக் கையில் எதுவும் இல்லை, எல்லாம்தான் லாரியாகிவிட்டதே. விற்ற பணத்தில் கடனை அடைத்தோம். அந்த நிலத்தை மட்டும் தொடவில்லை. அதில் போட்ட கத்தரிக்காயும் மிளகாயும்தான் அந்த வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது.

அதனால் உங்கள் வீட்டுக்காரரை நான் குறை சொல்லப் போவதில்லை. 52 வயதில் அடுத்தது என்ன என்று யோசிக்கிற மனுஷனுக்குத் தெம்பு இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சொன்னால் பிடிவாதம்தான் வளரும். சாம்பிள் போடச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றாலும் முதலில் ஒரு பீஸ் தைத்து, துவைத்து, காயவைத்து, டேப் வைத்துப் பார்த்த பிறகுதான் துணியை வெட்டுவோம். வேன் என்பது ஆயிரம் பீஸ்.

தெருவே புகழ்வது சாம்பிள் ஆகாது. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் புகழ மாட்டான், மறுநாள் வருவான் அல்லது வர மாட்டான். வீட்டில் ஐம்பது பூரி போடுவதும் காலை ஏழு மணிக்குள் முந்நூறு ஜோடி அடுக்குவதும் ஒன்றா? பருப்பை விரலில் நசுங்கும் பதத்தில் இறக்கி, தண்ணீர் சுத்தமாக வடிந்த பிறகுதான் அரைக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் நின்றால் உருட்டும்போது மாவு கிழியும், கல்லில் பருப்பு கருகும். ஐம்பது பூரியில் இரண்டு கிழிந்தால் பிள்ளைகள் தின்றுவிடும். அறுநூறில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த வடித்த தண்ணீரிலேயே மாவு பிசைவதும் கைக்கணக்குதான், மழை நாளில் அதுவும் மாறும். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து தெரியுமா என்பதுதான் கேள்வி.

மூன்று மாதம், சனிக்கிழமை தோறும் ஏற்கெனவே கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கூலிக்கு நிற்கட்டும். இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவரோடு பங்குக்குப் போடட்டும். வேன் வேண்டாம். மாவு, பருப்பு, எண்ணெய், கேஸ், காகிதம், கூட்டுக்கும் சட்னிக்கும் ஆன செலவு ஒரு பக்கம், விற்ற ஜோடி ஒரு பக்கம், மிஞ்சித் தூக்கிப்போட்டது தனியாக. நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். தைரியம் இல்லை என்கிறாரே, அந்த மூன்று மணிக்கு நீங்களும் கூடவே எழுந்து கூட்டைக் கிளறுங்கள்; அப்புறம் அந்தப் பேச்சு வராது.

தொகையில் ஒரு வருஷ வீட்டுச் செலவை இப்போதே தனியாக எடுத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற கணக்கில் போட்டுவிடுங்கள். மிச்சத்தில் எவ்வளவு போனாலும் அவர்மேல் கோபம் வராது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அந்தத் தொகையை அவரிடம் சொல்லுங்கள். உண்மையான தொகையைச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு குங்குமம் வைத்தவள்.

மூன்று மாதக் கணக்கு தேறினால் வேன் பாருங்கள், முதலில் வாடகைக்கு. இடையில் ஏதாவது ஒரு சனிக்கிழமை மழை கொட்டும், இன்றைக்கு வேண்டாம் என்று போர்வையை இழுப்பார். அன்றைக்கும் அனுப்பிவையுங்கள். மழை நாள் கணக்கும் நோட்டில் வேண்டும்.